வங்காளிக்கு நாம் இட்ட பெயர்

சென்ற மாதம் கருங்கல்லில் நண்பர் ஒருவர் வீட்டில் கூடியிருந்தோம். தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் ‘ஆரோக்கிய நிகேதனம்’ குறித்து இரண்டு மணி நேரம் பேச்சு. த. நா. குமாரஸ்வாமியின் மொழிபெயர்ப்பில் வங்க மண்ணின் மணமே வீசுகிறது என்று ஒருவர் உருகினார். பிறகு சந்தைப் பக்கம் தேநீர் குடிக்கச் சென்றோம். கட்டட வேலை முடிந்து அங்கே நின்றிருந்த நான்கு இளைஞர்களைப் பார்த்து, உருகிய அதே நண்பர் சொன்னார்: “எங்க பாத்தாலும் இந்திக்காரனுவதான்.” அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டிருந்தது வங்காளம். விசாரித்தபோது ஊர் முர்ஷிதாபாத் என்றார்கள்.

நானும் நெடுநாள் அப்படிச் சொல்லி வந்தவன்தான். ஆகவே இக்கண்டனம் எனக்கும் சேர்த்தே.

எல்லைக்கு அந்தப்புறம், கேரளத்தில், ஒடியரும் பீகாரியும் அசாமியரும் பேச்சுவழக்கில் ‘பெங்காளி’ ஆகிவிடுகின்றனர். இந்தப்புறம் வங்காளியே ‘இந்திக்காரர்’ ஆகிவிடுகிறார். இது வெறும் அறியாமை, வெறுப்பு அல்ல என்று சமாதானம் சொல்வார்கள். வெறுப்பில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால், தாய்மொழிக்காக 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் குண்டடிபட்டு மாண்டவர்களின் மொழி அது. யுனெஸ்கோ 1999இல் உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது அந்நாளையே. நமக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. தமிழகத்தோடு இணையப் போராடியவர்கள் மீது 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும், நமக்கு அருகிலுள்ள புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. இத்தனைக்குப் பிறகும் சென்னையில் நம் பேச்சைக் கேட்டு “மலையாளியா?” என்கிறார்கள். அப்போது சுருக்கென்கிறதே, அது இவருக்கு இராதா?

“அவர்கள் பண்பாடே வேறு” என்பது அடுத்த வாதம். எது வேறு? அவர்களுக்கும் சோறும் மீனும்தான் வாழ்வு. அங்கே கடுகு அரைத்த மீன்கறி, இங்கே தேங்காய் அரைத்தது. இறாலுக்கு அவர்களும் தேங்காய்ப்பாலே ஊற்றுகிறார்கள். இரவுச் சோற்றில் நீரூற்றி வைத்து, காலையில் வெங்காயமும் பச்சைமிளகாயும் கடித்து உண்கிறார்கள். அதற்குப் பெயர் பாந்தா பாத். உழைப்பவர்களின் உணவு. நாம் பழங்கஞ்சி என்கிறோம்.

2022 குஜராத் தேர்தல் மேடையில், வங்காளிகளுக்கு மீன் சமைத்துத் தரப் போகிறீர்களா என்று வாக்காளர்களைக் கேட்டு ஏளனம் செய்தார் நடிகர் பரேஷ் ராவல். பின்னர் மன்னிப்புக் கோரினார். சாளைக்கறி கொதிக்கும் நம் வீட்டு அடுப்பும் அந்த ஏளனத்துக்குள் அடக்கம்.

பெயர் பிழைத்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்பவர்கள் 2025ஐ நினைத்துப் பார்க்கட்டும். அவ்வாண்டில் பல மாநிலங்களில், வங்காளம் பேசிய இந்தியத் தொழிலாளர்கள் வங்கதேசத்தவர் என்ற சந்தேகத்தில் பிடித்து வைக்கப்பட்டனர். ஒருவரின் மொழியை அறிய மறுக்கும் ஊரில், அவர் யார் என்பதைக் காவல் நிலையமே தீர்மானிக்கும்.

வங்க நாவல்களைப் படித்தவர்கள் நாம். அந்த மொழியின் ஒலிகூட நம் காதுக்குப் பிடிபடவில்லையென்றால் படித்ததன் பயன்தான் என்ன? அடுத்த கூட்டத்துக்கு அந்த நால்வரையும் அழைப்போம். வர இயலாவிட்டால் போகட்டும். வங்காளி என்றாவது அழைப்போம்.