கோபுரம் தெரிகிறது, சேரி எங்கே?

ஜமுனாமரத்தூரில் களப்பணிக்காக நான் தங்கியிருக்கும் விடுதியின் முன்னறையில் தஞ்சைப் பெரிய கோயில் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் நேரில் வந்து வரைந்து, 1798இல் செப்புத்தகட்டில் பொறித்து வெளியிட்ட அச்சுப்படத்தின் நகல். சாமை மூட்டையோடு வந்த மலையாளிப் பழங்குடிப் பெரியவர் ஒருவர் அதை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல ஊரு எங்கப்பா?"

கலை வரலாற்றுக்காரர்களிடம் பதில் தயாராக இருக்கிறது. அந்தப் பாணி நிலக்காட்சியில் மனிதர்கள் வெறும் அளவுகோல். கட்டடம் எவ்வளவு உயரம் என்று காட்ட நிறுத்தப்பட்ட பொம்மைகள். காலனியப் பார்வை. சரிதான். ஆனால், தோழர்களே, நாம் அதோடு நிறுத்திக்கொள்வது நமக்கு வசதியாக இருப்பதால்தான். வெள்ளைக்காரன்தான் மறைத்தான் என்று சொல்லிவிட்டால் நம் வீட்டுக் கணக்கு முடிந்துவிடுமா?

அதே கோயிலின் சுவரைப் படியுங்கள். ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் பட்டியலில் வரி நீக்கிய நிலங்கள் சொல்லப்படுகின்றன. அங்கே ஊர்நத்தம் தனி, பறைச்சேரி தனி. தீண்டாச்சேரி என்றே ஒரு சொல் இருக்கிறது. சுடுகாடுகூடத் தனித்தனி. டேனியல்கள் வருவதற்கு ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டிய கணக்கு இது. கல் மறைக்கவில்லை. அந்தப் படத்தை முகப்புப் படமாக வைத்து 'தமிழன் பெருமை' என்று எழுதும் நாம்தான் மறைக்கிறோம். (நானும் முதுகலை படிக்கும்போது அப்படி வைத்திருந்தவன்தான்.) படம் அச்சாகி 141 ஆண்டுகள் கழித்து, 1939இல்தான் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டமே வந்தது.

இந்த மலைக்கு மேற்கே, 1792இல் திப்புவிடமிருந்து கும்பினி பிடுங்கிய பாராமகாலிலும் அவர்கள் படம் வரைந்தார்கள். ராயக்கோட்டை போன்ற மலைக்கோட்டைகள். தலைப்பில் கோட்டையின் பெயர் உண்டு, குடிகளின் பெயர் இல்லை. இன்றைய சுற்றுலா விளம்பரத்திலும் ஜவ்வாது மலை என்றால் மூடுபனி, அருவி, படகு, ஆள் இல்லை. இங்குள்ளவர்கள் நாட்டின் கண்ணில் பட்டது 2015 ஏப்ரல் 7இல். சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரில் இம்மலைக்காரர்களும் இருந்தார்கள். அந்தப் படங்களில் மனிதர்கள் பெரிதாகவே தெரிந்தார்கள், பிணங்களாக.

கல்வெட்டில் உள்ள சேரிகளைச் சொல்லி ஒரு துண்டுத்தாள் எழுதி, படத்துக்குக் கீழே ஒட்டினேன். மறுநாள் காலை கிழித்திருந்தார்கள். திரும்ப ஒட்டியிருக்கிறேன்.