நேதாஜிக்கு முன் நின்றவர் எங்கே? இந்தியா கேட் மண்டபத்து மன்னர் சிலை சென்ற வழி

புதுடெல்லி: இந்தியா கேட்டுக்கு வரும் பயணிகள் அதன் கிழக்கே உள்ள கல் மண்டபத்தையும், அதனுள் நிற்கும் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் கருங்கல் சிலையையும் தவறாமல் படம் எடுத்துக்கொள்கின்றனர். 28 அடி உயரமும் 65 டன் எடையும் கொண்ட அச்சிலையைப் பிரதமர் நரேந்திர மோடி 2022 செப்டம்பர் 8-ஆம் தேதி திறந்து வைத்தார். தெலங்கானாவின் கம்மம் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒற்றைப் பாறையில், மைசூருவைச் சேர்ந்த சிற்பி அருண் யோகிராஜ் தலைமையில் அது செதுக்கப்பட்டது. ஆனால், அந்த மண்டபம் நேதாஜிக்காகக் கட்டப்பட்டதன்று. 1968 முதல் 2022 வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாக, அது வெறுமையாகவே நின்றது. அதற்கு முன் அங்கு நின்றவர் பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ்.

அந்தச் சிலை எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்ற கேள்விக்கான விடை, காலனிய அடையாளங்களை இந்தியா எப்படிக் கையாண்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

மன்னர் வந்த வழி

1911 டிசம்பர் 12-ஆம் தேதி டெல்லி தர்பாரில்தான் ஐந்தாம் ஜார்ஜ் தலைநகரை கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றும் அறிவிப்பை வெளியிட்டார். அவர் நினைவாகப் புதிய தலைநகரின் மையச் சாலையில் சிலை வைக்கும் முயற்சிக்குச் சுதேச மன்னர்கள் நிதி அளித்தனர். மண்டபத்தை வடிவமைத்தவர் நகரின் தலைமைக் கட்டிடக் கலைஞர் எட்வின் லுட்யன்ஸ். அதன் வடிவத்தில் மாமல்லபுரத்து மண்டபத்தின் சாயல் உண்டு என்று சொல்லப்படுவது தமிழ் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாக இருக்கலாம். சலவைக்கல் சிலையை வடிக்கும் பணி சார்லஸ் சார்ஜென்ட் ஜாகர் என்ற ஆங்கிலச் சிற்பியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1934-இல் அவர் காலமானார். சிலை டெல்லியில் நிறுவப்பட்டது 1936-இல். அதே ஆண்டு ஜனவரியில் மன்னரும் மறைந்திருந்தார். சிலையை வடித்தவரும் சிலையில் இருந்தவரும் காணாத திறப்பு விழா அது.

விடுதலைக்குப் பிறகும் சிலை 21 ஆண்டுகள் அதே இடத்தில் நின்றது. அதை உடனடியாக அகற்ற ஜவாஹர்லால் நேரு அரசு அவசரம் காட்டவில்லை. வரலாற்று மதிப்புள்ளவை, கலை மதிப்புள்ளவை, மக்கள் மனத்தைப் புண்படுத்துபவை எனச் சிலைகளைப் பிரித்துப் பார்த்து, கசப்பு எழாத வகையில் படிப்படியாக அகற்ற வேண்டும் என்பதே 1957-இல் நேரு மக்களவையில் விளக்கிய நிலைப்பாடு. அந்த நிதானம் எல்லோருக்கும் ஏற்புடையதாக இல்லை. 1965-ஆம் ஆண்டு சுதந்திர தினத்துக்கு இரு நாட்களுக்கு முன், சம்யுக்த சோஷலிஸ்ட் கட்சியினர் மண்டபத்துக்குள் நுழைந்து சிலை மீது தார் பூசினர். கிரீடத்தையும் மூக்கையும் ஒரு காதையும் சிதைத்தனர். போகும்போது அவர்கள் அங்கே விட்டுச் சென்றது நேதாஜியின் படம். 2022-இல் அரசு எடுத்த முடிவின் முதல் வரைவு அன்றே எழுதப்பட்டுவிட்டது எனலாம்.

மூன்று ஆண்டுகள் கழித்துச் சிலை இறக்கப்பட்டது. காலியான இடத்தில் காந்தியடிகளை நிறுவும் யோசனை பல முறை எழுந்து, பல முறை கைவிடப்பட்டது.

புராரி சாலையோரம்

இறக்கப்பட்ட மன்னர் இன்று வடக்கு டெல்லியில், புராரி சாலையை ஒட்டிய முடிசூட்டுப் பூங்காவில் நிற்கிறார். 1877, 1903, 1911 ஆகிய மூன்று தர்பார்களும் நடந்த திடல் அது. 1911 நிகழ்வைக் குறிக்கும் கல்தூண் ஒன்றும் அங்கே உள்ளது. தலைநகர் மாற்றத்தை அறிவித்த மன்னர், அறிவித்த இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறார். இதைவிடப் பொருத்தமான இடம் அச்சிலைக்குக் கிடைத்திருக்காது.

ஆனால், பூங்கா நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. மன்னரைச் சுற்றி வைக்கப்பட்ட வைஸ்ராய்கள், அதிகாரிகள் சிலரின் சிலைகள் பெயர்ப்பலகை இல்லாமல் பல ஆண்டுகள் நின்றன. சிலையே இல்லாத பீடங்களும் அங்கு உண்டு. தலைநகர் மாற்றத்தின் நூற்றாண்டையொட்டித் தொடங்கிய சீரமைப்புப் பணிகள்கூட மெதுவாகவே நடந்தன.

டெல்லியை விட்டு வெளியேறிய சிலைகளின் கதை வேறு. ஜார்ஜின் தந்தை ஏழாம் எட்வர்டு குதிரை மீது அமர்ந்த சிலை ஜாமா மசூதி அருகே எட்வர்டு பூங்காவில் இருந்தது. 1969-இல் அது கனடாவின் டொரண்டோ நகருக்குச் சென்று, இன்று குயின்ஸ் பார்க்கில் நிற்கிறது. டெல்லியில் அதன் இடத்துக்கு 1975-இல் வந்ததும் நேதாஜி சிலையே; பூங்காவின் பெயரும் மாறியது. காஷ்மீரி கேட் அருகே நின்ற ஜான் நிக்கல்சன் சிலை, வட அயர்லாந்தில் அவர் படித்த டங்கானன் பள்ளிக்குப் போனது. சென்னை மவுண்ட் ரோட்டில் 1927-இல் சத்தியாகிரகத்தைத் தூண்டிய கர்னல் நீல் சிலையை, 1937-இல் ராஜாஜி அரசு எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு மாற்றியது. இவை எங்கே போயின என்பதைத் தேடிப் பிடிப்பது கடினமில்லை. ஏனெனில் அவற்றைப் பெற்றுக்கொள்ள ஒரு நகரமோ, ஒரு பள்ளியோ, ஓர் அருங்காட்சியகமோ இருந்தது. தலைநகருக்குள்ளேயே இடம் மாறியவைதான் அடையாளம் இழந்தன.

சிலைகளை அகற்றியது தவறன்று. ஒரு சுதந்திர நாடு தன் மையச் சாலையில் யார் நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது இயல்பு. குறை, அகற்றிய பின் எழுத வேண்டியதை எழுதாமல் விட்டதில் உள்ளது. சிற்பியின் பெயர், நிறுவிய ஆண்டு, பழைய இடம், மாற்றிய தேதி, மாற்றியதற்கான காரணம் ஆகியவற்றைப் பீடத்திலேயே பொறிக்கப் பெரும் செலவு ஆகாது.

இது காலனியச் சிலைகளோடு முடிந்துபோன கதையும் அல்ல. நாடாளுமன்ற வளாகத்தில் 1993-இல் நிறுவப்பட்ட காந்தி சிலையும், அம்பேத்கர், சத்ரபதி சிவாஜி சிலைகளும் 2024-இல் வளாகத்துக்குள்ளேயே 'பிரேரணா ஸ்தலம்' என்ற புதிய பகுதிக்கு மாற்றப்பட்டன. எதிர்க்கட்சிகள் எதிர்ப்புத் தெரிவித்தன. தலைவர்களின் சிலைகளை ஒரே இடத்தில் மக்கள் காண்பதற்கான ஏற்பாடு என அரசுத் தரப்பு விளக்கம் அளித்தது. எம்.பி.க்கள் பதாகைகளுடன் திரண்டு போராடி வந்த இடம் அந்தக் காந்தி சிலையின் முன்புறம்தான். அந்தப் பழைய இடம் எது என்பதை இன்று நாடாளுமன்றச் செய்தியாளர்கள் எளிதில் சுட்டிக்காட்டிவிடுவார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அங்கு வரும் பள்ளி மாணவருக்கு அதைச் சொல்ல, கல்லில் ஒரு வரியாவது வேண்டியிருக்கும்.