‘ரியால் இன்னைக்கு எவ்ளோ?’

ஆரணிக்காரர்களிடம் பட்டுச்சேலை விலையைச் சொல்லி அசத்த முடியாது. கடையில் 20,000 ரூபாய்க்கு விற்கும் சேலையைப் பார்த்து, ‘நெய்தவருக்கு 20,000 கிடைச்சிருக்கும்’ என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. பாவு, ஊடை, ஜரிகை, சாயம், முதலாளி லாபம், கடை லாபம் எல்லாம் போகத்தான் கூலி என்பது, தறிக்குழியில் இறங்காத சின்னப் பையனுக்கும் தெரியும்.

அதே வீட்டுப் பிள்ளை சவுதிக்குப் போய்விட்டால், இந்தக் கழித்தல் கணக்கு மறந்துபோகிறது. பெருக்கல் மட்டும்தான்! “ரெண்டாயிரம் ரியாலா? இன்னைக்கு ரேட்டுக்கு...” என்று சித்தப்பா போனில் கால்குலேட்டரைத் திறந்துவிடுவார். சாப்பாட்டுச் செலவு, ஏஜென்ட்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனின் வட்டி எதுவும் அந்தக் கணக்கில் ஏறாது. (பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி-யும்தான். லட்சத்தில் கேட்டால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.)

அடுத்த கேள்வி, “பொண்டாட்டி புள்ளைங்கள எப்போப்பா கூட்டிட்டுப் போற?”

சவுதியில் எல்லா வேலைக்கும் குடும்ப விசா கிடைக்காது. கிடைத்தாலும், உடன் வரும் ஒவ்வொருவருக்கும் மாதக் கட்டணம் உண்டு. 2017 ஜூலையில் 100 ரியாலாக ஆரம்பித்தது, 2020-ல் 400 ஆகிவிட்டது. மனைவி, இரண்டு குழந்தைகள் என்றால் மாதம் 1,200 ரியால். சித்தப்பா பெருக்கிய 2,000-ல் மிச்சம் 800. வாடகை இன்னும் கொடுக்கவில்லை! சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் குடும்பத்தைக் குடிவைக்கவே முடியாது. அங்கே மனைவியை அழைத்துக்கொள்ள எஸ் பாஸ் வைத்திருப்பவருக்கே மாதச் சம்பளம் 6,000 டாலராவது வேண்டும். வருஷக்கணக்கில் தனியாக இருப்பவரைப் பார்த்து, ‘அங்க வேற குடும்பம் இருக்குமோ’ என்று கிசுகிசுக்கும் சொந்தங்களுக்கு இது யார் சொல்வது?

பிறகு, தங்கம். “அங்க சல்லிசாமே, வரும்போது அஞ்சு சவரன்ல ஆரம் ஒண்ணு வாங்கிட்டு வா” என்பார் அத்தை. ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் ஆண், சுங்க வரி இல்லாமல் கொண்டுவரக்கூடிய நகை 20 கிராம். அதாவது, இரண்டரை சவரன். பெண் என்றால் 40 கிராம். மீதிக்கு விமான நிலையத்தில் வரி கட்ட வேண்டும். அந்த வரியை அத்தை தரப்போவதில்லை.

சென்ட், சாக்லேட், போன் என்று லிஸ்ட் நீள நீள, லீவு தள்ளிப்போகிறது. பொங்கலுக்கு வருவதாகச் சொன்னவர் ஆடிக்கு வருகிறேன் என்கிறார். அம்மாவிடம் மட்டும், “டிக்கெட் விலை ஏறிடுச்சும்மா” என்று சொல்லிவிடுகிறார்.