ஒளியின் எல்லை மண்டலத்தின் எல்லை அன்று

தனுஷ்கோடி மணல்முனையின் இருண்ட வானில் புலப்படும் பால்வீதியே நம் விண்மீன் மண்டலத்தின் முழு உருவம் என்றும், அதற்கப்பால் பரவியுள்ள ஹைட்ரஜன் வெறும் எச்சம் என்றும் கூறும் வாதம் அடிப்படையிலேயே பிழையானது. ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானின் தற்சுழற்சித் திசை புரோட்டானுடையதற்கு எதிராகத் திரும்பும்போது 21 செ.மீ. அலைநீளமுள்ள வானொலி அலை வெளிப்படும் என்று 1944-இல் வான் டெ ஹுல்ஸ்ட் கணித்தார். 1951-இல் யூவெனும் பர்செலும் அதைப் பதிவுசெய்தனர். சுருள் மண்டலங்கள் பலவற்றில் இவ்வாயுத் தட்டு, விண்மீன்கள் ஒளிரும் பரப்பைத் தாண்டி வெகுதூரம் விரிந்தும், விளிம்பில் வளைந்தும் கிடக்கிறது. அவ்வலை நீள்வதையும் குறுகுவதையும் அளந்து, அதாவது டாப்ளர் விளைவைக் கொண்டு, வாயு சுழலும் வேகம் கணிக்கப்படுகிறது. நிறை முழுவதும் ஒளிரும் பகுதிக்குள்ளேயே அடங்கியிருந்தால், தொலைவிலுள்ள கோள்கள் சூரியனை மெதுவாகச் சுற்றுவதைப்போல, வெளிவிளிம்பில் அவ்வேகம் தளர்ந்தாக வேண்டும். நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் தொலைநோக்கியைக் கொண்டு ஆல்பர்ட் போஸ்மா 1978-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான மண்டலங்களில் அது தளரவில்லை. எச்சம் என ஒதுக்கப்படும் வாயுவே, ஒளிராத நிறை அங்கு உண்டு என்பதற்கு வலுவான சான்றாக நிற்கிறது. ஈர்ப்பு விதியையே திருத்தவேண்டும் என்போரும் இதே அளவீட்டைத்தான் துணைக்கு அழைக்கின்றனர். புணே அருகே கோவிந்த் சுவரூப் தலைமையில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளுடன் அமைந்த தொலைநோக்கியின் முதன்மை நோக்கங்களுள் ஒன்றும், தொலைதூர ஹைட்ரஜனைத் தேடுவதே.