காலேஜ் வாசலில் சல்லடை எதற்கு? உள்ளே வாத்தியாரைப் போடுங்கள்!

குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதமும், கல்லூரிகளில் அட்மிஷன் நடக்கிற மாதமும் ஒன்றுதான். ஜூன் பிறந்தால் தென்காசி பஸ் நிலையத்தில் இரண்டு விதமான கூட்டத்தைப் பார்க்கலாம். ஒரு கூட்டத்தின் கையில் துண்டு, மாற்றுத்துணி, எண்ணெய் பாட்டில். இன்னொரு கூட்டத்தின் கையில் பிளாஸ்டிக் பை. அதற்குள் மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், நாலைந்து செட் ஜெராக்ஸ்.

முதல் கூட்டம் அருவிக்குப் போகிறது. எத்தனை நேரம் கியூவில் நின்றாலும் தலை நனையாமல் திரும்பாது. இரண்டாவது கூட்டத்துக்கு அந்த உத்தரவாதம் கிடையாது!

"பி.காம். கிடைக்குமாம்மா?"

"கிடைக்கலைன்னா என்னட்டி செய்ய? கிடைச்சதைப் படி."

பீடி சுற்றும் தாய்க்கும், பிளஸ் 2 முடித்த மகளுக்கும் இடையே தென்காசி டவுன் பஸ்சில் இப்படித்தான் பேச்சு நடக்கிறது. மகள் பெயிலாகவில்லை. நல்ல மார்க்தான். ஆனாலும் கேட்ட பாடம் கிடைக்குமா என்பது சந்தேகம்.

ஏன் இந்த நெருக்கடி?

கணக்கைப் பார்த்தால் புரியும். 2025ல் தமிழ்நாட்டில் பிளஸ் 2 தேர்வு எழுதியவர்கள் 7 லட்சத்து 92 ஆயிரம் பேர். பாஸ் ஆனவர்கள் 7 லட்சத்து 53 ஆயிரம் பேர். நூற்றுக்கு 95 பேர் தேறி விட்டார்கள்! பெண்களில் நூற்றுக்கு 96 பேருக்கு மேல்.

இவர்களில் பெரும்பாலோர் "போதும்" என்று வீட்டில் உட்காரவில்லை. மத்திய அரசின் உயர்கல்வி சர்வேப்படி, 2021–22ல் தமிழ்நாட்டில் கல்லூரி செல்லும் வயதில் இருப்பவர்களுக்கு 47 சதவீதம் என்ற அளவில் மாணவர் சேர்க்கை இருந்தது. இந்தியா முழுவதுக்கும் சேர்த்துப் பார்த்தால் 28 சதவீதம்தான். தேசிய கல்விக் கொள்கை 2035ல் எட்டிப் பிடிக்கச் சொல்லும் 50 சதவீதத்தைத் தமிழ்நாடு அப்போதே தொட்டுக்கொண்டு நின்றது.

அமெரிக்கப் பேராசிரியர் மார்ட்டின் ட்ரோ 1973லேயே இதற்கு ஒரு கணக்குச் சொல்லி வைத்தார். கல்லூரி வயதில் நூற்றுக்கு 15 பேருக்குள் படித்தால் அது மேல்தட்டுக் கல்வி. 15ஐத் தாண்டினால் வெகுஜனக் கல்வி. 50ஐத் தாண்டினால் எல்லோருக்குமான கல்வி. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது பழைய ஏற்பாடெல்லாம் பிதுங்கும் என்றார் அவர். தென்காசியில் இப்போது பிதுங்கிக் கொண்டிருக்கிறது!

டீக்கடைத் தீர்ப்பு

இதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். "அந்தக் காலத்தில் பி.ஏ. என்றால் தெருவே எழுந்து நிற்கும். இப்போ தடுக்கி விழுந்தா டிகிரிக்காரன். கண்டவனுக்கெல்லாம் சீட்டு கொடுத்தா இப்படித்தான். ஒரு பரீட்சை வச்சு வடிகட்டணும்" என்பது டீக்கடைத் தீர்ப்பு.

இதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. பத்தாம் வகுப்புப் படித்தாலே போதும் என்கிற குரூப்–4 வேலைக்குப் பட்டதாரிகள் முட்டி மோதுவது எல்லோருக்கும் தெரிந்த கதை. டிகிரி வாங்கியும் ஒரு லெட்டர் தப்பில்லாமல் எழுதத் தெரியவில்லையே என்று கடை முதலாளி அலுத்துக் கொள்வதிலும் நியாயம் உண்டு.

ஆனால் அந்தக் காலத்தில் தெரு எழுந்து நின்றதே, அது எதற்காக? தெருவில் மற்றவர்களுக்கு வாசலே திறக்கவில்லை என்பதற்காக!

1964க்கு முன்னால்...

குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி 1964ல் வந்தது. கோயில் சார்பில், அறநிலையத்துறை நிர்வாகத்தில் நடக்கும் கல்லூரி. அதற்கு முன்னால் தென்காசிப் பெண் ஒருத்தி காலேஜ் படிக்க வேண்டுமானால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தாண்டி, பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். ஹாஸ்டலில் தங்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். பணம் இருந்தாலும் அப்பா சம்மதிக்க வேண்டும். அங்கே எந்த நுழைவுத் தேர்வும் தேவைப்படவில்லை. தூரமே வடிகட்டி விட்டது!

ஒரு வருஷம் முன்னாடி, 1963ல், ஆழ்வார்குறிச்சியில் பரமகல்யாணி கல்லூரி வந்திருந்தது. பிறகு சுரண்டை, கடையநல்லூர், ஆலங்குளம் என்று அரசு கல்லூரிகள் வந்தன. 1990ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைப் பிரித்து, திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அமைந்தது. சர்டிபிகேட்டில் ஒரு சின்ன திருத்தம் என்றாலும் மதுரைக்குப் பஸ் ஏறிய காலம் போயிற்று. 2019 நவம்பர் 22ல் தென்காசியே தனி மாவட்டம் ஆனது.

(தனி மாவட்டம் ஆகியும் அரசு மருத்துவக் கல்லூரி வரவில்லை. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய மருத்துவக் கல்லூரிகள் திறந்தார்கள். அந்தப் பட்டியலிலும் தென்காசி பெயர் இல்லை. அது தனி வயிற்றெரிச்சல்!)

பெண்களுக்கு டவுன் பஸ்சில் டிக்கெட் இல்லை என்று 2021ல் ஆனது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரில் இருந்து மாதம் ஆயிரம் ரூபாய். பையன்களுக்கும் 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. தூரம் என்ற வேலி போயிற்று. பஸ் காசு என்ற வேலி போயிற்று. பெண்ணைப் படிக்க அனுப்பலாமா என்ற பேச்சும் பல வீடுகளில் ஓய்ந்து விட்டது. இப்படிக் கஷ்டப்பட்டு வாசல் வரை கூட்டி வந்துவிட்டு, வாசலில் புதிதாக ஒரு வேலி போடச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

சீட்டு எப்படிக் கிடைக்கிறது?

அரசு கல்லூரியில் சேர 2020ல் இருந்து விண்ணப்பம் ஆன்–லைனில்தான். தெரிந்தவர்களுக்கு வீட்டிலேயே முடிந்துவிடும். தெரியாதவர்களுக்கு நெட் சென்டர்காரர்தான் தெய்வம். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க்கைப் பார்ப்பார்கள். பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க். மற்றப் பாடங்களுக்கு, மொழிப்பாடம் இரண்டையும் தள்ளிவிட்டு, நான்கு பாடங்களில் 400க்கு எத்தனை என்று வரிசை போடுவார்கள். அதில் 69 சதவீதம் இட ஒதுக்கீடு. மிச்சம் 31 பொதுப்போட்டி. இதில் ஒளிவுமறைவு கிடையாது. சிபாரிசுக் கடிதத்தோடு அலைந்த காலத்தை நினைத்தால் இது எவ்வளவோ மேல்.

அப்படியானால் தகராறு எங்கே? எல்லோரும் பி.காம்., கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற இரண்டு வாசலிலேயே போய் நிற்கிறார்கள்! அங்கே கட்–ஆப் ஏறிக்கொண்டே போகிறது. கணிதமும் இயற்பியலும் பல ஊர்களில் ஆள் தேடுகின்றன. ஒரே கல்லூரியில் ஒரு வகுப்பில் உட்கார இடமில்லை, அடுத்த வகுப்பில் பாதி பெஞ்ச் காலி.

பி.காம். கிடைக்காத பெண்ணுக்கு இரண்டு வழிதான். ஒன்று, காலியாக இருக்கும் பாடத்தில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சேர்வது. இன்னொன்று, சுயநிதிப் பிரிவு. அதே பாடம்தான், அதே பல்கலைக்கழகப் பட்டம்தான், பீஸ் மட்டும் பல மடங்கு! உதவி பெறும் கல்லூரிகளிலும் புதிய பாடப்பிரிவுகள் பெரும்பாலும் சுயநிதியாகவே வந்தன. ஆகவே நாலைந்து மார்க் குறைந்தால் அந்தக் குறையைப் பணம் சரிக்கட்டி விடுகிறது. பணம் இல்லாதவளுக்கு அந்த நாலைந்து மார்க்தான் தலையெழுத்து. இதற்குத் 'தகுதி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்!

நுழைவுத் தேர்வு வைத்தால்?

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் 2021ல் சில கல்லூரிகளில் கட்–ஆப் நூற்றுக்கு நூறு என்று போனது. 99 எடுத்தவன் வெளியே! அடுத்த வருஷமே, 2022ல், மத்திய பல்கலைக்கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்தது. உடனே அதற்கும் கோச்சிங் சென்டர் போர்டு தொங்கியது.

தமிழ்நாட்டுக்கு இந்த அனுபவம் பழசு. தொழிற்கல்விக்கு 1984ல் வந்த நுழைவுத் தேர்வு, கிராமத்துப் பிள்ளைகளைப் பின்னே தள்ளுகிறது என்றுதான் 2007ல் ஒழிக்கப்பட்டது. பிறகு மருத்துவத்துக்கு 2017ல் நீட் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவதே அபூர்வம் ஆயிற்று. 2020ல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்த பிறகுதான் அவர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளே போக முடிந்தது. பி.ஏ.வுக்கும் பி.எஸ்சி.க்கும் அப்படி ஒரு பரீட்சை வைத்தால், கடையநல்லூர் நெசவாளி மகன் கோச்சிங்குக்கு எங்கே போவான்? வடிகட்டி வரப்போவது அறிவா, அப்பன் பையில் இருக்கும் பணமா?

நியூயார்க் கதை

சரி, கதவை அகலத் திறந்தால் மட்டும் போதுமா? போதாது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970ல் அதைச் செய்து பார்த்தது. உள்ளூரில் உயர்நிலைப் பள்ளி முடித்த எல்லோருக்கும் இடம் என்று அறிவித்தது. முந்தின வருஷத்தை விட ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுதல் கூட்டம் வந்து சேர்ந்தது! வகுப்பு நடத்த வாடகைக்கு இடம் பிடித்தார்கள். அடிப்படைக் கணக்கும் எழுத்தும் சொல்லிக்கொடுக்கத் தனி வகுப்பு வைத்தார்கள். ஆனால் நகராட்சியின் கஜானா காலியானது. 1976ல் அதுவரை இலவசமாக இருந்த படிப்புக்குப் பீஸ் வந்தது. கூட்டத்தைக் கூப்பிட்டவர்கள் அதற்கான செலவைக் கடைசி வரை தாக்குப்பிடிக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். 2025ல் அரசு கல்லூரிகளில் 20 சதவீதம், உதவி பெறும் கல்லூரிகளில் 15 சதவீதம், சுயநிதிக் கல்லூரிகளில் 10 சதவீதம் கூடுதலாகச் சேர்த்துக் கொள்ளலாம் என்று அரசு அனுமதி கொடுத்தது. நல்ல காரியம். 60 பேர் வகுப்பில் 72 பேர் உட்காரலாம். ஆனால் அந்த 12 பேருக்குப் பெஞ்ச் யார் போட்டார்கள்? லேபில் ஒரு மேஜைக்கு இரண்டு பேர் நின்ற இடத்தில் மூன்று பேர் நின்றால், மூன்றாவது ஆள் வேடிக்கைதான் பார்க்க முடியும்.

பெஞ்சையாவது வாங்கிவிடலாம். ஆசிரியர்?

2019ல் அரசு கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கு 2,331 பேரை எடுக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அது நிறைவேறவில்லை. 2024 மார்ச்சில் 4,000 பேர் என்று புது அறிவிப்பு. அந்த ஆகஸ்டில் வைக்க இருந்த எழுத்துத் தேர்வு நடக்கவில்லை. 2025 அக்டோபரில் 2,708 இடங்கள் என்று மறுபடியும் அறிவிப்பு! 2019ல் பி.ஏ. முதல் வருஷம் சேர்ந்த பையன், 2024ல் எம்.ஏ.யும் முடித்துவிட்டான். அவனுக்குப் பாடம் நடத்த வரவேண்டிய பேராசிரியர் மட்டும் கடைசி வரை வரவில்லை.

இந்த இடைவெளியில் கல்லூரிகளை இழுத்துக்கொண்டு போனவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். பெயரில்தான் கௌரவம்! 2024–25ல் மாதச் சம்பளம் 25 ஆயிரம். அதுவும் வருஷத்துக்கு 11 மாதம்தான். மே மாதம் அடுப்பில் பூனை. மாதம் 50 ஆயிரம் வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019லேயே சொல்லியிருந்தது. பி.எச்டி. முடித்துவிட்டு, அடுத்த வருஷம் வேலை இருக்குமோ இருக்காதோ என்று நிற்பவரிடம், "பிள்ளைக்கு ஆங்கிலம் ஏன் வரவில்லை?" என்று கேட்டு என்ன பிரயோஜனம்?

ஒரு லெட்டர் எழுதத் தெரியவில்லை என்கிற கடை முதலாளியின் புகாருக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பையனை உள்ளே விட்டது தப்பில்லை. உள்ளே விட்டபின் மூன்று வருஷம் அவனை யாரும் கவனிக்காததுதான் தப்பு. வாசலில் சல்லடை வைக்காவிட்டாலும் உள்ளே ஒரு சல்லடை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்குப் பெயர் அரியர்! முதல் செமஸ்டரில் இரண்டு, அடுத்ததில் நாலு என்று சேர்ந்து, கடைசியில் டிகிரி கைக்கு வராமலே கேரளாவுக்கு வேலைக்குப் போன பையன்களைச் செங்கோட்டை பக்கம் கேட்டால் சொல்வார்கள். அவர்களும் 'கல்லூரியில் சேர்ந்தவர்கள்' கணக்கில் உண்டு. 47 சதவீதத்தில் அவர்களும் அடக்கம்.

என்ன செய்யலாம்? கூட்டம் முட்டுகிற பாடத்தில் அரசே இன்னொரு பிரிவு திறக்கலாம். கூடுதல் சீட்டு உத்தரவு போடும் அன்றே கூடுதல் ஆசிரியர் உத்தரவும் போடலாம். முதல் செமஸ்டரில் தடுமாறுகிறவர்களுக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுக்கலாம், அதற்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். இதெல்லாம் செலவுதான். ஆனால் மாதம் ஆயிரம் கொடுத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிற அரசுக்கு, அங்கே பாடம் நடத்த ஆள் வைக்கும் செலவு புதுசாகவா தெரிய வேண்டும்?

தென்காசி மாவட்டத்தில் தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம், வாசுதேவநல்லூர், சங்கரன்கோவில் என்று ஐந்து தொகுதி. ஐந்து எம்.எல்.ஏ.க்கள். ஒவ்வொருவரும் தன் பக்கத்து அரசு கல்லூரியில் எத்தனை ஆசிரியர் இடம், எத்தனை காலி, எத்தனை பேர் கௌரவ விரிவுரையாளர் என்று சட்டசபையில் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். மந்திரி சொல்லும் பதிலை அந்தந்தக் கல்லூரி நோட்டீஸ் போர்டில், அட்மிஷன் லிஸ்ட்டுக்குப் பக்கத்திலேயே ஒட்டட்டும்.