அமெரிக்காவில் கறுப்பினத் தாய்மார்கள் பிரசவத்தில் அதிகம் இறப்பது ஏன்?

அமெரிக்காவில் 2023-ல் பிரசவ மரணங்கள் குறைந்தன. ஆனால், எல்லோருக்கும் குறையவில்லை. அந்நாட்டு அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. தரும் கணக்கு இது: 2022-ல் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு 19 ஆக இருந்த வெள்ளையினத் தாய்மார்களின் இறப்பு, 2023-ல் 14.5 ஆக இறங்கியது. கறுப்பினத் தாய்மார்களுக்கோ 49.5-லிருந்து 50.3. கிட்டத்தட்ட மூன்றரை மடங்கு! கறுப்பினக் குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறப்பதும் இரண்டு மடங்குக்கு மேல்.

சரி, வறுமைதானே காரணம்? அதுவும்தான். ஆனால், கலிஃபோர்னியாவில் பிறப்புப் பதிவுகளையும் வருமான வரிக் கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தார்கள். மிகப் பணக்காரக் கறுப்பினத் தாய்மார்களின் குழந்தைகள்கூட, மிக ஏழையான வெள்ளையினத் தாய்மார்களின் குழந்தைகளைவிட அதிகமாகக் குறைமாதத்தில் பிறக்கிறார்கள்.

டென்னிஸ் நட்சத்திரம் செரீனா வில்லியம்ஸையே எடுத்துக்கொள்வோம். 2017-ல் சிசேரியன் முடிந்த மறுநாள் அவருக்கு மூச்சு முட்டியது. ரத்தம் உறையும் பிரச்சினை அவருக்கு ஏற்கெனவே உண்டு. ‘சி.டி. ஸ்கேன் எடுங்கள், ஹெப்பாரின் கொடுங்கள்’ என்று அவரே கேட்டார். வலி மருந்தின் மயக்கத்தில் ஏதோ உளறுகிறார் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டார். மருத்துவர் வந்து முதலில் காலைத்தான் ஸ்கேன் செய்தார். பிறகுதான் சி.டி. ஸ்கேன், நுரையீரலில் ரத்தக்கட்டிகள் தெரிந்தன. உலகமே அறிந்தவர் சொல்லுக்கே இவ்வளவுதான் மதிப்பு என்றால், மற்றவர்கள் நிலைமை?

‘கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது’ என்பது போன்ற தவறான எண்ணங்களில் ஒன்றையாவது, வெள்ளையின மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்களில் பாதிப் பேர் நம்பியதை வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வு காட்டியது. இப்படி நம்புகிறவர், ‘வலிக்குது’ என்று ஒரு பெண் சொன்னால் எப்படிக் காது கொடுப்பார்?

இன்னொரு சிக்கல், காப்பீடு. அமெரிக்கப் பிரசவங்களில் சுமார் 40 சதவீதம் ‘மெடிகெய்டு’ என்ற அரசுக் காப்பீட்டில் நடக்கின்றன. முன்பு பல தாய்மார்களுக்கு இது பிரசவமான 60 நாட்களில் நின்றுவிடும். உயர் ரத்த அழுத்தமும் இதயப் பிரச்சினையும் அதற்குப் பிறகும் உயிரைப் பறிக்கலாம். 2021-ல் வந்த சட்டம், இதை ஓராண்டுவரை நீட்டிக்க மாநிலங்களுக்கு வழிவிட்டது; பெரும்பாலான மாநிலங்கள் நீட்டித்துவிட்டன. காப்பீட்டு அட்டை மருத்துவமனைக் கதவைத் திறக்கும். உள்ளே போன பெண் சொல்வதைக் கேட்கவைக்கும் சட்டம் எதுவும் இதில் இல்லை. இவ்வளவுக்கும், கர்ப்பம் தொடர்பான மரணங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் தடுத்திருக்கக்கூடியவை என்கிறது அதே சி.டி.சி.