சர்வகலாசாலை வலையும் மாணவர் கருவிகளும்

அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய தேசங்களில் கல்வியாண்டு தொடங்கும்போதெல்லாம் சர்வகலாசாலை விடுதிகளில் ஒரு வழக்கு எழுவது வாடிக்கையாகிவிட்டது. புதிதாகக் குடிபுகும் மாணவர்கள் கம்ப்யூட்டரையும் கைப்பேசியையும் மட்டுமன்றி, ஸ்மார்ட் டெலிவிஷன், கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் ஒலிபெருக்கி, விளையாட்டுப் பெட்டி, அச்சு இயந்திரம், கைப்பேசியால் ஏற்றி அணைக்கும் விளக்கு ஆகியவற்றையும் கொண்டுவருகின்றனர். கம்ப்யூட்டரும் கைப்பேசியும் சர்வகலாசாலையின் வைஃபை வலையில் உடனே சேர்ந்துவிடுகின்றன. மற்றவை வாயிலிலேயே நின்றுவிடுகின்றன. சில ஸ்தாபனங்கள் அவற்றுக்குத் தனி வழி அமைத்திருக்கின்றன. வேறு சில, அவற்றை இணைக்கவே கூடாதென்று விதித்திருக்கின்றன. நம் தேசத்திலும் விடுதி அறைகளுக்குள் வைஃபை புகுந்துவிட்டது. எர்நெட் ஸ்தாபனத்தின் மூலம் எடுரோம் என்னும் சர்வதேசக் கல்வி வலையும் பரவிவருகிறது. ஆகவே இவ்வழக்கு நம்முடையதும் ஆகும்.

இது சில்லறை விஷயமென்று தள்ளுவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு கல்வி ஸ்தாபனம் தன் வாயிலுக்குள் எதை, எந்த நிபந்தனையின்மேல் அனுமதிக்கிறது என்பதும், அனுமதித்த பிறகு அதன் சொந்தக்காரரைப்பற்றி என்ன எழுதி வைத்துக்கொள்கிறது என்பதும் இதில் அடங்கியிருக்கின்றன. மாணவர்களின் சுதந்திரத்தில் அக்கறை கொண்டோர் எவரும் இதனை அலட்சியம் செய்தல் தகாது.

முதலில் கஷ்டத்தின் காரணத்தை அறிதல் வேண்டும். வீட்டு வைஃபைக்கு ஒரே கடவுச்சொல். குடும்பத்தார் அனைவரும் அதனை அறிவர். பதினாயிரக்கணக்கான பேர் நடமாடும் சர்வகலாசாலையில் அவ்வாறு ஒரே சொல்லை வைத்தால் அது ஒரே நாளில் ஊரறிந்த ரகசியமாகிவிடும். ஆதலால் 802.1எக்ஸ் என்னும் முறை அங்கு கையாளப்படுகிறது. அதன்படி ஒவ்வொருவரும் தம் பெயரையும் தமக்கே உரிய கடவுச்சொல்லையும் கூறிப் பிரவேசிக்க வேண்டும். 2002-இல் ஐரோப்பாவில் யோசனையாகத் தோன்றி, இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் இயங்கும் எடுரோம் இம்முறையின்மேலேயே நிற்கிறது. ஒரு சர்வகலாசாலையின் மாணவர் மற்றொன்றுக்குச் சென்றாலும் தம் சொந்த ஸ்தாபனத்தின் கணக்கைக் கொண்டே அங்குள்ள வலையில் சேரலாம். ஆனால் விளக்குக்கு எழுத்துப் பலகையும் இல்லை, திரையும் இல்லை. தன் பெயரைச் சொல்ல அதற்கு வழியில்லை. திரையுள்ள டெலிவிஷன்களிலுங்கூடப் பெரும்பாலானவற்றில் இம்முறைக்கு இடம் வைக்கப்படவில்லை. தயாரித்தோர் வீட்டை மட்டுமே மனத்திற்கொண்டு தயாரித்தனர்; விடுதியை நினைக்கவில்லை. அன்றியும், பெரிய வலைகளில் ஒரு கருவி அண்டைக் கருவியோடு நேரே பேசாதபடி தடுத்து வைப்பது வழக்கம். எனவே டெலிவிஷன் எப்படியோ உள்ளே வந்துவிட்டாலும், அதே அறையிலுள்ள கைப்பேசிக்கு அது தென்படுவதில்லை.

அதிகாரிகளின் அச்சம் ஆதாரமற்றதன்று. 2016-ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய நிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத காமிராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் தன்வசப்படுத்தியது. அதற்குத் தேவைப்பட்டவை, தயாரிப்பாளர்கள் வழக்கமாக இடும் பெயரும் கடவுச்சொல்லுமாகச் சுமார் 60 ஜோடிகளே. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் தேதி அந்நிரலின் படை டின் என்னும் கம்பெனியைத் தாக்கியதால் ட்விட்டர், நெட்ப்ளிக்ஸ் முதலியவை அமெரிக்காவில் பல மணி நேரம் எட்டாமற் போயின. அதனை ஆக்கியோருள் ஒருவர், தாம் பயின்ற சர்வகலாசாலையின் வலையையே முன்னர்ப் பன்முறை முடக்கியவர் என்பது பின்னர் நியாயஸ்தலத்தில் வெளிப்பட்டது.

மற்றொரு சம்பவத்தை வெரைசன் கம்பெனியார் 2017-இல் வெளியிட்ட அறிக்கையில் விவரித்திருக்கின்றனர். பெயர் குறிப்பிடப்படாத ஒரு சர்வகலாசாலையில் 5,000-க்கு மேற்பட்ட கருவிகள் திடீரென்று கடல் மீன் சம்பந்தமான வலைப்பெயர்களை ஓயாமல் விசாரிக்கத் தொடங்கின; வலை முழுதும் தளர்ந்தது. அக்கருவிகள் விளக்குகளும் விற்பனை இயந்திரங்களுமாம். அவை மாணவர் மறைத்துக் கொண்டுவந்தவை அல்ல. நிர்வாக சௌகரியத்துக்காக ஸ்தாபனத்தாரே வலையில் இணைத்தவை என்பதை நம் நேயர்கள் கவனிக்க வேண்டும். அபாயம் கருவியின் அமைப்பில் இருக்கிறதேயன்றி, அது மாணவரின் உடைமையா, நிர்வாகத்தின் உடைமையா என்பதில் இல்லை.

ஆகவே மாணவருக்கு மட்டும் தடை என்பது நியாயமாகாது. 2018-இல் அமெரிக்காவிலுள்ள செயின்ட் லூயிஸ் சர்வகலாசாலை தன் விடுதி அறைகளில் 2,300-க்கு மேற்பட்ட பேசும் ஒலிபெருக்கிகளைத் தானே வைத்தது. நிர்வாகம் வைத்தால் முன்னேற்றம், மாணவர் வைத்தால் குற்றம் என்பது எந்த நீதியில் சேரும்? பார்வையற்ற மாணவருக்கும், எழுந்து நடமாட இயலாத மாணவருக்கும் குரலுக்குக் கட்டுப்படும் விளக்கும் ஒலிபெருக்கியும் ஆடம்பரப் பொருள்கள் ஆகா. மேலும், தடையினால் கருவிகள் ஒழிவதில்லை, ஒளிந்துகொள்கின்றன. மாணவர் தத்தம் அறையில் சொந்த ரௌட்டர் வைத்துக்கொள்வர். மலிவான கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையே நம்பியிருப்பவை. அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதாம். அறைக்கொரு ரௌட்டர் முளைத்தால் எல்லோருடைய வலையும் கெடும்.

கம்பியில்லா வலையும் இத்தகைய கருவிகளும் சர்வகலாசாலைகளிலேயே முளைத்தவை என்பதையும் அதிகாரிகள் மறக்கலாகாது. 1971-இல் ஹவாய் சர்வகலாசாலையில் நார்மன் ஆப்ராம்ஸன் தலைமையில் அலோஹா வலை வானொலி அலைகளின் வழியே இயங்கத் தொடங்கியது. 1980-களின் தொடக்கத்தில் கார்னகி மெலன் சர்வகலாசாலையினர் தங்கள் கட்டிடத்திலிருந்த கோக-கோலா இயந்திரத்தை வலையிற் பிணைத்து, புட்டி உண்டா, குளிர்ந்ததா என்பதை இருந்த இடத்திலிருந்தே அறிந்தனர். 1991-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர் தங்கள் காப்பிப் பாத்திரத்தின்மேல் ஒரு காமிராவைத் திருப்பி வைத்தனர். இவையெல்லாம் விளையாட்டாகத் தொடங்கியவையே. அன்று தடைவிதி இருந்திருந்தால் அறிவு வளர்ந்திராது.

பின் செய்யத்தக்கது யாது? நீதிஸ்தலங்களில் ஜாமீன் என்றொரு முறை உண்டு. ஒருவருக்காக மற்றொருவர் பொறுப்பேற்கிறார். தன் பெயரைச் சொல்ல இயலாத கருவிக்கு, பெயர் சொல்லக்கூடிய மாணவர் ஜாமீன் நிற்கட்டும். பல சர்வகலாசாலைகளில் இது ஏற்கெனவே நடந்துவருகிறது. மாணவர் தம் கணக்கில் நுழைந்து, கருவியின் மேக் விலாசத்தை, அதாவது எண்ணும் எழுத்துமாக அமைந்த அதன் பன்னிரண்டு இலக்க அடையாளத்தைப் பதிவு செய்கிறார். கருவி தனியாகப் பிரித்து வைக்கப்பட்ட வலையில் சேர்கிறது. இவ்விலாசத்தைப் போலியாக ஆக்குவது எளிது என்பது உண்மை. 2019, 2020 முதற்கொண்டு கைப்பேசிகளே தம் விலாசத்தை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. ஆகையால் இதனினும் மேலான முறையை நாம் சிபாரிசு செய்கிறோம். ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனிச் சாவியாக ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்து, அச்சாவியால் திறந்து வந்த கருவிகள் மட்டும் ஒன்றையொன்று காணும்படி செய்வதே அது. மாணவரின் கைப்பேசி அவருடைய டெலிவிஷனைக் காணும். அடுத்த அறைக்காரர் காணமாட்டார். இதற்கு வேண்டிய சாதனம் கடையிலேயே கிடைக்கிறது. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டுவதில்லை.

ஜாமீன் நிற்பவருக்குக் கடமைகள் உண்டு. தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுதல், கருவியின் நிரலை அவ்வப்போது புதுப்பித்தல், அறையைக் காலி செய்யும்போது பதிவை நீக்குதல் ஆகியவற்றை மாணவர் ஏற்க வேண்டும். ஜாமீன் பெறுபவருக்கும் கடமைகள் உண்டு. எக்கருவி சேரும், எக்கருவி சேராது என்பதை மாணவர் பணம் செலவழித்து வாங்குவதற்கு முன்னரே பகிரங்கப்படுத்த வேண்டும். கருவி தவறு செய்தால் கருவியைத் துண்டித்து, சொந்தக்காரருக்கு அறிவிக்க வேண்டும். யாரோ ஒருவன் அயல்நாட்டிலிருந்து விளக்கைக் கைப்பற்றியதற்காக, அவ்விளக்கின் கீழ்ப் படித்துக்கொண்டிருந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தலாகாது.

எல்லாவற்றினும் முக்கியமான நிபந்தனை ஒன்றுண்டு. ஜாமீன் பத்திரம் உளவுப் பத்திரமாக மாறலாகாது. வைஃபை வலையானது எக்கருவி எந்நேரத்தில் எக்கட்டிடத்தில் இருந்தது என்பதைக் குறித்துக்கொண்டே இருக்கிறது. 2024 மே மாதத்தில் ஆஸ்திரேலியாவிலுள்ள மெல்போர்ன் சர்வகலாசாலையில் பாலஸ்தீனத்துக்கு ஆதரவாக மாணவர் ஒரு கட்டிடத்தில் மறியல் செய்தனர். கலந்துகொண்டோரைக் கண்டுபிடிக்க நிர்வாகம் இந்த வைஃபைக் குறிப்புகளையே பயன்படுத்தியது. அது அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணானது என்று விக்டோரியா மாகாணத் தகவல் ஆணையர் அலுவலகம் 2025-இல் தீர்ப்புரைத்தது. பாடம் படிக்கக் கொடுத்த வலை, மாணவரைப் பிடிக்கும் வலையாயிற்று. நம் தேசத்தில் இது நேராதென்று எவர் உறுதி கூறுவர்? 2023-இல் இங்கு இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே அரசாங்க அமைப்புகளுக்கு விலக்களிக்க இடம் வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே சட்டத்தை மட்டும் நம்பியிராமல், சர்வகலாசாலைகள் தமக்குத் தாமே விதி செய்துகொள்ளுதல் வேண்டும். குறிப்புகள் வலையைப் பேணுவதற்கு மட்டுமே உபயோகிக்கப்படும். குறித்த நாட்களுக்குப் பின் அழிக்கப்படும். சட்டப்படியான உத்தரவின்றி எவரிடமும் கொடுக்கப்படா. இம்மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

தயாரிப்பாளர்களும் தப்பித்துக்கொள்ள விடலாகாது. கலிபோர்னியாவில் 2020 ஜனவரி முதலும், பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதலும், எல்லாக் கருவிக்கும் ஊகிக்கத்தக்க ஒரே கடவுச்சொல் இட்டு விற்பது சட்ட விரோதமாகும். ஆயிரக்கணக்கில் கருவிகளை வாங்கும் சர்வகலாசாலைகள் ஒன்றுகூடி, இத்தகைய பாதுகாப்பும் 802.1எக்ஸ் முறையும் இல்லாதவற்றை வாங்கமாட்டோமென்று சொன்னால் வியாபாரிகள் வழிக்கு வருவர்.

விதிகளை வகுப்போர் இன்று பெரும்பாலும் கம்ப்யூட்டர் பிரிவின் உத்தியோகஸ்தர்களே. அவர்களுடைய திறமையை நாம் குறைகூறவில்லை. எனினும் இது இயந்திர சாஸ்திரம் மட்டுமன்று. உரிமைகளைப் பற்றிய விஷயமும் ஆகும். மாணவர் பிரதிநிதிகளை உடன் வைத்துக்கொண்டு, செனட் சபைகளில் வெளிப்படையாக விவாதித்து இவ்விதிகளைச் செய்ய வேண்டும். விதி எழுதப்படாதிருக்கும் இக்காலமே கேட்டுப் பெறுவதற்கு உரிய காலம். மாணவர் சங்கங்கள் அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் இதனைக் கையிலெடுக்குமென்று எதிர்பார்க்கிறோம்.